காற்றும் மரமும்
தோப்பு வைப்போரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிய வேண்டியவை

மரஞ்செடிகொடிகளுக்கு நிலைத்திணை என்று பெயர். வேரூன்றிய இடத்தை விட்டு அவை பெயர்வதில்லையாதலின் இப்பெயர் பொருத்தமானதே. ஆயினும் நின்ற இடத்தில் நின்றபடியே ஒவ்வொரு மரமும் இரவும் பகலும் அசைந்துகொண்டிருக்கிறது. இவ்வசைவு மரத்துக்குக் கேடு என்றும், இளங்கன்றை எவ்வளவுக்கெவ்வளவு இறுகக் கட்டி அசையாமல் நிறுத்தினால் அவ்வளவுக்கவ்வளவு நன்மை என்றும் விவசாயிகளில் பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் சரியன்று. மரத்தின் அடி பருப்பதற்கும், வேர் மண்ணை இறுகப் பற்றுவதற்கும் காற்றினால் உண்டாகும் அசைவு ஒரு முக்கிய காரணமாகும். இளமையில் அசைந்து பழகாத மரம் பின்னர்ப் பெருங்காற்று வரும்போது நிலைகொள்ள மாட்டாது. இஃது எவ்வாறு நிகழ்கிறதென்பதும், இதனையறிந்து தோப்பு வைப்போர் செய்யத்தக்கது யாதென்பதும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

1. வர்தா புயலும் வடபழனிச் சாலை மரங்களும்

வடபழனி ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வெளியே வயலும் தோப்பும் சூழ்ந்திருந்த கிராமப் பகுதி. முருகன் கோயிலாலும், அதன் வழியாகச் செல்லும் ஆற்காடு சாலையாலும் பெயர் பெற்ற அவ்விடம் இப்போது நகரத்தின் நடுப்பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. வயல்கள் போனபின் தெருவோரங்களிலும் வீட்டு வளவுகளிலும் நிழல் மரங்கள் நடப்பட்டன. விரைவில் வளர்ந்து நிழல் தருவனவும் அழகிய பூக்களையுடையனவுமான அயல்நாட்டு மரங்களே சென்னைத் தெருக்களில் பெரிதும் விரும்பப்பட்டன. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த மயிற்கொன்றையும், அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த தூங்குமூஞ்சி மரமும், மஞ்சட்பூப் பூக்கும் பெருங்கொன்றையும் இவ்வகையின.

2016-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி பிற்பகலில் ‘வர்தா’ என்னும் புயல் சென்னைக்கருகில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. வடபழனி, கோடம்பாக்கம், தியாகராயநகர், மயிலாப்பூர், அடையாறு முதலிய பகுதிகளிலும், கிண்டி தேசியப் பூங்காவிலும், வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. வீழ்ந்தவற்றில் மேற்கூறிய அயல்நாட்டு மரங்கள் மிகுதியென்றும், வேம்பு, புங்கு, பனை முதலிய நாட்டு மரங்கள் ஒப்புநோக்கக் குறைவாகவே பழுதுற்றன என்றும் பலராலும் கவனித்துக் கூறப்பட்டது.

ஆயினும் மரத்தின் ஜாதியை மட்டும் குறைகூறுவது போதாது. தெருவோர மரத்தின் அடியைச் சுற்றிச் சிமெண்டு பூசப்பட்டிருக்கிறது. குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் தோண்டும்போதெல்லாம் ஒரு பக்கத்து வேர்கள் வெட்டப்படுகின்றன. சுற்றுச்சுவரும் கட்டிடமும் வேர் பரவும் வழியை அடைக்கின்றன. இத்தகைய மரம் எந்த ஜாதியதாயினும் சாயக்கூடியதே. வேர்களில் பாதியை இழந்த வேம்பைவிட, நல்ல நிலத்தில் நாற்புறமும் வேரோடிய மயிற்கொன்றை உறுதியாக நிற்கக்கூடும்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. வங்காள விரிகுடாவில் தோன்றும் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் ஓரூரைக் கடந்து செல்லுமாயின், முதலில் அவ்வூரில் வடதிசையிலிருந்து கடுங்காற்று வீசும். மையம் மேலே வரும்போது சிறிது நேரம் காற்று ஓய்ந்திருக்கும். பின்னர்த் தென்திசையிலிருந்து மீண்டும் கடுங்காற்று வீசும். முதற்காற்றில் வேர் தளர்ந்த மரம், எதிர்த்திசையிலிருந்து வரும் இரண்டாங்காற்றில் வீழ்கிறது. ஆகையால் நடுவில் காற்று ஓய்ந்ததைக் கண்டு புயல் தீர்ந்ததென்று எண்ணித் தோப்புக்குள் செல்வது உயிருக்கே அபாயமாகும்.

2. காற்றின் விசையும் மரத்தின் அசைவும்

அசையாத பொருளொன்றின்மேல் வீசும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகுகிறது. அதாவது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று 80 கிலோமீட்டராகும்போது விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். 120 கிலோமீட்டராகும்போது ஒன்பது மடங்காகும். மரமும் சுவரைப்போல் விறைத்து நிற்குமாயின் ஆடிக்காற்றுக்கே பல மரங்கள் முறிந்துவிடும். அவ்வாறு நேராமலிருப்பதற்குக் காரணம் மரம் காற்றுக்கு இணங்குவதேயாம். காற்று மிகும்போது இலைகள் ஒன்றன்மேலொன்று படிந்து சுருங்குகின்றன. சிறு கிளைகள் காற்றோடு வளைந்து ஒடுங்குகின்றன. இதனால் காற்றுக்கு எதிரான பரப்புக் குறைகிறது. ஆற்றங்கரை நாணல் பிழைக்கும் உபாயத்தையே பெருமரமும் தன் அளவுக்கேற்பக் கையாளுகிறது.

ஊஞ்சலை அது திரும்பிவரும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறுவிசையாலேயே உயர எழும்பும். அதுபோல, ஒவ்வொரு மரத்துக்கும் தான் ஒருமுறை ஆடிவருவதற்கென ஒரு கால அளவு உண்டு. காற்றின் வீச்சு அக்கால அளவோடு ஒத்துவருமாயின் ஆட்டம் மேன்மேலும் பெருகி அடித்தண்டுக்கும் வேருக்கும் ஆபத்து நேரும். இதைத் தடுப்பவை பக்கக் கிளைகளே. பெரிதும் சிறிதுமான கிளைகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பக்கமாக ஆடுவதால் ஒன்றன் ஆட்டத்தை மற்றொன்று தணிக்கிறது. ஆகவே உட்கிளைகளையும் கீழ்க்கிளைகளையும் முற்றிலும் கழித்து, நுனியில் மட்டும் தழைக்கொத்து இருக்குமாறு விடுவது மரத்தை இலகுவாக்குவதுபோலத் தோன்றினும் உண்மையில் அதன் காப்பை நீக்குவதாகும்.

காற்று தலையில் படுகிறது. அதன் பாரத்தை அடி தாங்குகிறது. நெம்புகோல் நீளுமளவுக்கு விசை மிகுவதுபோல, 20 அடி உயரத்தில் படும் காற்றைவிட 40 அடி உயரத்தில் படும் அதே காற்று அடித்தண்டை இரு மடங்கு வளைக்க முயலும். இதற்கு ஈடுகொடுப்பது தண்டின் பருமனேயாகும். வளைவைத் தாங்கும் வலிமை குறுக்களவின் மும்மடிக்கு ஏற்ப மிகுகிறது. 4 அங்குலக் குறுக்களவுள்ள தண்டு 5 அங்குலமாகப் பருத்தால் அதன் வலிமை ஏறக்குறைய இரு மடங்காகிறது. இரு மடங்கு பருத்தால் வலிமை எட்டு மடங்காகிறது. ஆகையால் உயரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அடி பருப்பதே மரத்துக்கு லாபம்.

3. அசைவினால் மரம் பருப்பது எவ்வாறு?

இவ்வுண்மை நெடுங்காலத்துக்கு முன்பே சோதித்தறியப்பட்டது. இங்கிலாந்து தேசத்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் இளம் ஆப்பிள் மரங்களைக் கொண்டு செய்த சோதனையை 1803-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். சில மரங்களை அவர் முளைக்கம்புகளோடு பிணித்து அசையாதபடி செய்தார்; சிலவற்றைக் காற்றில் தாராளமாக ஆடவிட்டார். ஆடிய மரங்களின் அடி நன்கு பருத்தது; பிணிக்கப்பட்டவற்றின் அடி அவ்வளவு பருக்கவில்லை. வடக்குத் தெற்காக மட்டும் ஆடும்படி கட்டப்பட்ட மரத்தின் அடித்தண்டு வட்டமாக இராமல், ஆடிய திசையில் 13 பங்கும் ஆடாத திசையில் 11 பங்குமாக நீண்டிருந்தது. எந்தப் பக்கமாக வளைவு நேர்கிறதோ அந்தப் பக்கத்திலேயே மரம் தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறதென்பது இதனால் விளங்கும்.

நமது தேசத்து விஞ்ஞானியாகிய ஜகதீச சந்திர போஸ், தாவரங்களின் மிக நுண்ணிய வளர்ச்சியையும் அசைவையும் பெருக்கிக்காட்டும் கருவிகளை அமைத்து, தொடுதலுக்கும் உராய்தலுக்கும் தாவரங்கள் விடையிறுக்கின்றன என்பதை உலகுக்கு உணர்த்தினார். 1971-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நீல், ஹாரிஸ் என்னும் இருவர், காற்றில்லாத கண்ணாடி வீட்டில் வளர்ந்த இளமரங்களை நாள்தோறும் அரை நிமிஷம் மட்டும் கையால் அசைத்துவந்தனர். ஒரு மாதத்துக்குள்ளாகவே, அசைக்கப்பட்டவை அசைக்கப்படாதவற்றின் உயர வளர்ச்சியில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே வளர்ந்திருந்தன. தொடுதலாலும் அசைவாலும் தாவரத்தின் வளர்ச்சி மாறும் இவ்வியல்புக்கு 1973-ஆம் வருஷத்தில் ஜாஃபே என்னும் அமெரிக்க விஞ்ஞானி தனிப்பெயர் சூட்டினார்.

அசையும்போது மரத்தினுள் நிகழ்வது யாதெனில், தண்டு வளையும்போது அதன் ஒரு பக்கத்துத் திசுக்கள் இழுபடுகின்றன, மறுபக்கத்தன அமுங்குகின்றன. இழுபட்ட உயிரணுக்களில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் அளவு கணநேரத்தில் மாறுகிறது. அம்மாறுதலே செய்தியாகப் பரவி வளர்ச்சியை ஆளும் கூறுகளைத் தூண்டுகிறது. பழங்களைக் கனியச்செய்யும் எத்திலீன் என்னும் வாயுவும் அப்போது மிகுதியாக உண்டாகிறது. இவற்றின் பயனாக நுனி வளர்ச்சி தணிகிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள வளர்படலம் சுறுசுறுப்படைந்து புதுக்கட்டையை உண்டாக்குகிறது. மரம் குட்டையாகவும் தடித்தும் வளர்கிறது. வளைவினால் உண்டாகும் இழுப்பும் அமுக்கமும் எவ்விடத்தில் அதிகமோ அவ்விடத்திலேயே கட்டையும் அதிகம் சேர்கிறது. அடியிலும் பெருங்கிளைகள் பிரியுமிடங்களிலும் மரம் பருத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

4. சாய்ந்த மரம் நிமிர்வதும் வேர் இறுகுவதும்

காற்றினால் சிறிது சாய்ந்த இளமரம் சில வருஷங்களில் தானாகவே நிமிர்வதைக் காணலாம். வேம்பு, மா, பலா, பூவரசு போன்ற அகன்ற இலை மரங்கள், சாய்ந்த தண்டின் மேற்புறத்தில் ஒரு தனிவகைக் கட்டையை உண்டாக்குகின்றன. அக்கட்டை சுருங்கும் இயல்புடையது. கயிறு கட்டி இழுப்பதுபோலத் தண்டை மேல்நோக்கி இழுக்கிறது. மலைநாட்டுப் பைன் முதலிய ஊசியிலை மரங்களோ, சாய்ந்த தண்டின் கீழ்ப்புறத்தில் விரியும் இயல்புள்ள கட்டையை உண்டாக்கி, முட்டுக்கொடுத்து உந்துவதுபோல நிமிர்கின்றன. சவுக்கு ஊசியிலை மரம்போலத் தோன்றினும் வகையால் பூக்கும் மரமேயாகும். இத்தகைய கட்டை மிகுந்த மரம் அறுக்கும்போது முறுக்கிக்கொள்ளும், பலகைக்கு உதவாது. ஆகையால் மரவேலைக்கென வளர்ப்போர் கன்று சாயாமல் நேராக வளர ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

வேரும் இவ்வாறே காற்றுக்குத் தக்கபடி அமைகிறது. காற்று வரும் பக்கத்து வேர்கள் கூடாரக் கயிறுபோல இழுத்துப் பிடிக்கின்றன. மறுபக்கத்து வேர்கள் முட்டுக்கட்டைபோல் தாங்குகின்றன. அடிக்கடி காற்றுப் படும் திசையை நோக்கிய வேர்கள் பருத்து, மேலும் கீழும் தடித்து உத்திரம்போல ஆகின்றன. நமது ஜில்லாக்களில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்தும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. மரங்கள் இவ்விரு திசைக்கும் பழகியவை. வேறு திசையிலிருந்து வரும் புயற்காற்று அவற்றுக்குப் புதிது. அத்துடன் புயல் வருவது மழைக்காலத்தின் இடையில். அப்போது மண் நீரூறி இளகியிருக்கிறது. வேர் அறாமலே மண்ணோடு பெயர்ந்து மரம் சாய்வது இதனாலேயாம்.

வேரின் சிறப்புக்கு அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைத் தோட்டத்தின் பெரிய ஆலமரம் நல்ல உதாரணம். அதன் தாய்த்தண்டு 1989-ஆம் வருஷத்துப் புயற்காற்றில் வீழ்ந்துவிட்டது. எனினும் நாற்புறமும் ஊன்றிய விழுதுகள் தூண்களாகி மரத்தைத் தாங்கிவருகின்றன. ஆலின் விழுதுகளை வழியிலிருக்கின்றன என்று வெட்டிவிடும் கிராமத்தார் இதனைக் கவனிக்க வேண்டும்.

5. தென்னையும் வாழையும்

மேற்கூறியவை யாவும் மா, வேம்பு முதலிய மரங்களுக்கே பொருந்தும். தென்னைக்கும் பனைக்கும் பட்டையின்கீழ் வளர்படலம் இல்லை. அவற்றின் தண்டு ஒருமுறை உருவான பிறகு, ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருப்பதில்லை. காற்றுக்கு அவை கொடுக்கும் விடை வேறுவிதமானது. தண்டின் வெளிப்புறத்தில் நார்கள் நெருங்கியும் உட்புறத்தில் தளர்ந்தும் இருப்பதால் அது முறியாமல் வளைகிறது. ஓலைகள் காற்றின் பக்கமாக மடிந்து பரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஆணிவேர் இல்லையாயினும் தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கயிறுபோலப் புறப்பட்டு மண்ணைப் பற்றுகின்றன. ஆதலால் தென்னையின் பலம் முழுவதும் தூரின் ஆழத்திலும் வேரின் மிகுதியிலுமே இருக்கிறது.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, வேதாரண்யம், ஆலங்குடி முதலிய பகுதிகளில் தென்னந்தோப்புகள் அழிந்தன. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு வருஷங்களும், நிறைந்த பலன் தர அதற்கு மேலும் ஆகுமாகையால், ஓரிரவில் வீழ்ந்த தோப்பை மீண்டும் உண்டாக்க ஒரு குடும்பத்துக்குப் பத்து வருஷ உழைப்பு வேண்டியிருக்கிறது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயலில் கடலூர், பண்ருட்டிப் பகுதிகளின் முந்திரியும் பலாவும் இவ்வாறே அழிந்தன. அவ்வளவு கடுமையான காற்றுக்கு முழுக்காப்பு எதுவுமில்லை. ஆயினும் நடும் முறையினாலும் பராமரிப்பினாலும் நஷ்டத்தைக் குறைக்க இயலும்.

தென்னங்கன்றுக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குழி அவசியம். குழியின் அடிப்பகுதியில் கன்றை நட்டு, தண்டு உயர உயரச் சிறிது சிறிதாக மண்ணிட்டு நிரப்ப வேண்டும். மேலாக நடப்பட்ட தென்னையின் தூர் சில வருஷங்களில் மண்ணுக்கு மேலே தெரியும். அப்போது புதிய வேர்கள் மண்ணை அடையாமல் காய்ந்துபோகும். அத்தகைய மரங்களுக்கு வருஷந்தோறும் தூரில் மண் அணைத்து வருதல் நன்று. மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விடவேண்டும்; நெருங்கி நட்டால் வெளிச்சத்தைத் தேடித் தண்டு மெலிந்து நீளும்.

வாழை மரமன்று, அதன் தண்டென்று காண்பது இலையுறைகளின் சுருளேயாகும். காற்று மிகுந்த தேனி போன்ற பகுதிகளிலும், ஆற்றுப்பாசனப் பகுதிகளிலும், தார் விட்ட வாழைக்குச் சவுக்குக் கம்பு அல்லது மூங்கிலால் முட்டுக்கொடுப்பதே வழி. அசைவினால் உறுதிப்படும் என்று வாழையை விட்டுவிடுவது தவறாகும்.

6. கன்று நடுவோர் கவனிக்க வேண்டியவை

(அ) நாற்றங்காலில் பாலித்தீன் பைகளில் அதிக நாள் இருந்த கன்றின் வேர், பையைச் சுற்றிச் சுருண்டிருக்கும். அவ்வாறே நட்டால் அவ்வேர் மண்ணில் பரவாமல் சுருளாகவே பருத்து, பத்து வருஷம் கழித்து மரம் அடியோடு பிடுங்கிக்கொண்டு விழும். நடும்போது பையை முழுதும் நீக்கி, சுருண்ட வேர்களைக் கூரிய கத்தியால் வெட்டி விடவேண்டும். உயரமான பழங்கன்றைவிட, தடித்த குட்டையான இளங்கன்றே மேலானது.

(ஆ) தானே நிற்கக்கூடிய கன்றுக்கு முளைக்கம்பு வேண்டியதில்லை. நிற்காத கன்றுக்குக் கம்பு நட்டால், கன்றின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு உயரத்திலேயே, வாழைநார் அல்லது சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டவேண்டும். அடி அசையாமலும் தலை ஆடியும் இருக்கவேண்டும். கம்பியால் கட்டினால் பட்டை அறும். ஒரு வருஷத்துக்குள் கம்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் கன்று கம்பை நம்பியே வளரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழி மரத்துக்கும் முற்றிலும் பொருந்தும்.

(இ) இளங்கன்றின் அடித்தண்டிலுள்ள சிறு பக்கக் கிளைகளை முதலிரண்டு வருஷங்களில் முழுவதும் நீக்கலாகாது. அவை உண்டாக்கும் உணவு அடித்தண்டைப் பருக்கச் செய்கிறது. ஆடுமாடு தொடாமல் வேலியிட்டு, தண்டு திரண்டபின் சிறிது சிறிதாகக் கழிக்கலாம்.

(ஈ) அடியிலேயே இரண்டாகக் கவைத்து, இடுங்கிய கவையுடன் ஏறக்குறைய ஒரே பருமனாக வளரும் தண்டுகளில் ஒன்றை இளமையிலேயே நீக்கவேண்டும். முதிர்ந்தபின் அம்மரம் கவை பிளந்து விழும்.

(உ) தண்ணீரைத் தண்டின் ஓரத்தில் மட்டும் தினந்தோறும் சிறிதாக விட்டால் வேர் அங்கேயே மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சிறிது தள்ளி வட்டப்பாத்தியில், நாட்கள் இடைவிட்டு, ஆழமாக ஊறும்படி பாய்ச்சினால் வேர் அகன்றும் ஆழ்ந்தும் செல்லும்.

7. சவுக்குத் தோப்பும் காற்றுத் தடுப்பு வரிசையும்

நெருக்கமாக நட்ட சவுக்குத் தோப்பில் உள்வரிசை மரங்கள் ஒன்றுக்கொன்று காப்பாக இருப்பதால் காற்றை அறியாமல் மெலிந்து உயர்கின்றன. ஓரத்து மரங்களோ காற்றில் அடிபட்டு அடிபருத்துக் குட்டையாக நிற்கின்றன. ஓரத்து வரிசைகளை முதலில் வெட்டிவிட்டாலும், மழைக்காலத்துக்குச் சற்று முன் தோப்பைத் திடீரென்று அதிகமாகக் கலைத்துவிட்டாலும், காற்றுக்குப் பழகாத உள்வரிசை முழுவதும் சாய்ந்துவிடும். ஆகையால் வெட்டைக் காற்று வராத பக்கத்திலிருந்து தொடங்கி, காற்று வரும் பக்கத்தை நோக்கிச் செல்வதும், கடலோரத் தோப்புகளில் கிழக்கு வரிசைகளைக் கடைசிவரை விட்டுவைப்பதும் முறையாகும். கலைப்பதாயின், காற்றுக் காலம் கழிந்தபின் சிறிது சிறிதாகக் கலைக்க வேண்டும்.

வயலையும் தோட்டத்தையும் காப்பதற்காக வைக்கும் மரவரிசை, காற்று வரும் திசைக்குக் குறுக்காக அமையவேண்டும். வரிசையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை நல்ல காப்பும், அதற்கு அப்பால் இருபது மடங்குவரை குறைந்த காப்பும் கிடைக்கும். 30 அடி உயரமுள்ள வரிசை 300 அடிவரை நன்கு உதவும் என்றறிக. வரிசை சுவர்போல் அடைத்திருத்தல் கூடாது. அடைத்திருந்தால் காற்று மேலேறிக் குதித்து, மறுபக்கத்தில் சுழன்று பயிரைச் சாய்க்கும். ஏறக்குறையப் பாதிக் காற்று வடிந்து செல்லும் அளவுக்கு இடைவெளி இருப்பதே சிறந்தது. வரிசையின் நடுவே பெரும் இடைவெளி விட்டால் அதன் வழியே காற்று முன்னிலும் வேகமாகப் புகும். வண்டிப்பாதை வேண்டுமாயின் கோணலாக விடவேண்டும். சவுக்கு, பனை, பூவரசு, புன்னை ஆகியவை கடலோரத்துக்கு ஏற்றவை.

8. புயலுக்கு முன்னும் பின்னும்

புரட்டாசி மாதத்துக்குள் பட்ட கிளைகளையும், பிளவுபட்டவற்றையும், ஒரு பக்கமாக மிகுந்து தொங்குவனவற்றையும் கவாத்து செய்துவிட வேண்டும். மரத்தை மொட்டையடிக்கலாகாது. மொட்டையடித்த இடத்தில் வரும் புதுக்கிளைகள் கட்டையோடு உறுதியாகப் பொருந்தாமல் மேலாகவே ஒட்டியிருப்பதால், அடுத்த சில வருஷங்களில் எளிதில் முறியும். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கித் தண்டும் சொத்தையாகும். புயலறிவிப்பு வந்தவுடன் தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கி, தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். தோப்புக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தேங்கிய நீர் வடியும்படி வாய்க்கால்களைத் திறந்துவிட வேண்டும்.

புயல் கழிந்தபின், சாய்ந்த இளமரங்களை ஓரிரு நாட்களுக்குள் நிமிர்த்தினால் பிழைக்கக்கூடும். அதுவரை வெளிப்பட்ட வேர்களை ஈரச் சாக்காலோ வைக்கோலாலோ மூடிவைக்க வேண்டும். முறிந்த வேர்களைச் சீராக வெட்டி, தழையிற் பெரும்பகுதியைக் கழித்து, மெதுவாக நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும். இம்முட்டையும் புதுவேர் ஊன்றியபின் நீக்கிவிட வேண்டும். முதிர்ந்த பெருமரத்தை நிமிர்த்துவது பெரும்பாலும் வீண் செலவு. பின்னொரு நாள் எதிர்பாராமல் விழுந்து உயிர்ச்சேதம் விளைக்கவுங்கூடும். குருத்து முறுக்கிப் பழுதான தென்னை சில மாதங்கள் பசுமையாகத் தோன்றினும் பின்னர்ப் பட்டுப்போவதுண்டு. ஆதலால் புதுக்குருத்து வருகிறதா என்று பார்த்தபின்னரே மரத்தை வைப்பதா வெட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

9. கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

சாலையோரத்திலும், ஏரிக்கரையிலும், புறம்போக்கிலும் உள்ள மரங்களைப் பார்வையிடும்போது, தண்டின் அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் வெடித்து எழும்பியிருக்கிறதா, சமீபத்தில் பள்ளம் தோண்டி வேர் வெட்டப்பட்டிருக்கிறதா என்னும் மூன்றையும் முதலில் கவனிக்க வேண்டும். நெடுநாளாகச் சாய்ந்து நிற்கும் மரத்தைவிட, புதிதாகச் சாய்ந்த மரமே அபாயமானது. முன்னது தன்னை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கும். குழாய்ப்பள்ளம் வெட்டுவோர் மரத்தடிக்கு அப்பால் தள்ளி வெட்டும்படி பார்த்துக்கொள்வது, மரம் விழுந்தபின் வழியைச் சீர்செய்வதைவிட எளிது.

பட்டாதாரர்களின் தோப்புகளிலுள்ள மரங்களின் எண்ணிக்கையும் வகையும் அடங்கலில் சரியாகப் பதிந்திருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன்பே ஒத்துப்பார்ப்பது நன்று. கஜா புயலின்பின் தென்னைக்கு நிவாரணம் மரக்கணக்கின்படியே வழங்கப்பட்டது. விழுந்த மரத்தைக் கணக்கிடுவதைவிட, நிற்கும்போதே கணக்கு வைத்திருப்பது உடையவனுக்கும் சர்க்காருக்கும் சௌகரியம்.

காற்றை நிறுத்த யாராலும் முடியாது. நாள்தோறும் வீசும் இளங்காற்றில் கன்றை ஆடவிட்டு, வேருக்கு இடங்கொடுத்து, தலைப்பாரத்தைக் காலமறிந்து குறைத்துவருவது உழவர் கையில் இருக்கிறது. வருகிற ஐப்பசிக்கு முன் தோப்பை ஒருமுறை சுற்றிவந்து, கட்டவிழ்க்க வேண்டிய கன்றுகளின் கயிற்றை அவிழ்த்து, மண் அணைக்க வேண்டிய தென்னைகளுக்கு மண் அணைப்பது இப்போதே தொடங்கத்தக்க வேலையாகும்.